நாலு வாரம் சாரும் என் கூசாத பல்லும்

போஞ்சி குடிக்கிறவரின் முகத்தைப் பார்த்தே எந்தப் பல் கூசுகிறது என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பல் ஆஸ்பத்திரிக்கு அவர் தினமும் வந்துபோனது என் அதிர்ஷ்டம். திருவனந்தபுரத்தில் எலுமிச்சை ஜூஸுக்குப் போஞ்சி என்று பெயர். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் போஞ்சிக் கடை முன்னால் இவர் பத்து நிமிஷம் நின்றால் போதும். குடிக்கிறவர் கண்ணைச் சுருக்கினால் மேல் வரிசை, தலையைச் சாய்த்தால் கீழ் வரிசை, காலைத் தரையில் தேய்த்தால் இரண்டு பக்கமும் என்று ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார். நேரே அந்த ஆளிடம் போய், "வலது பக்கம், மேல, முன்னாலேர்ந்து நாலாவது பல்லு. சரிதானே அண்ணாச்சி?" என்பார். அந்த ஆள் மிரண்டுபோய் கிளாஸைக் கீழே வைப்பார். இவரை ஜோசியர் என்று நினைத்துக் கையை நீட்டியவர்களும் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. அவருக்குப் பெயர் இருந்தது. விசிட்டிங் கார்டில் அச்சடித்தே வைத்திருந்தார். அதை யாரும் படித்ததில்லை. டாக்டர்கள், நர்சுகள், வாசலில் ஆட்டோ போடுகிறவர்கள் என்று எல்லாருக்கும் அவர் 'நாலு வாரம்'. நான் மட்டும் மரியாதைக்கு ஒரு சார் சேர்த்துக்கொண்டேன்.

திருநெல்வேலிக்காரர். கூசும் பற்களுக்கென்று தனியாக ஒரு பேஸ்ட் தயாரித்த கம்பெனியின் பிரதிநிதி. மற்ற மருந்துக் கம்பெனிக்காரர்கள் கழுத்தில் டை, கையில் பை, வாயில் இரண்டு நிமிஷப் பேச்சு, டாக்டர் மேஜையில் ஒரு பேனா என்று வந்த சுவடு தெரியாமல் போவார்கள். இவர் உள்ளே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியே காத்திருக்கும் நோயாளிகளுக்கு வகுப்பெடுப்பார். கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியாதவர்கள் என்றால் இன்னும் விசேஷம், எதிர்க்கேள்வி வராதே.

போஞ்சிக் கடையில் வாங்கிய ஸ்ட்ராக்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருப்பார். அதைத் தூக்கிக் காட்டுவார்.

"பல்லுக்கு மேல எனாமல். வீட்டுக்கு ஓடு மாதிரி. அதுக்கு உணர்ச்சி கெடையாது, வலியும் கெடையாது. அதுக்குக் கீழ இருக்குல்லா, அதுதான் டென்டின். இந்தா, இதுதான் பாத்துக்கிடுங்க. முழுக்கக் குழாய். கண்ணுக்குத் தெரியாத குழாய். ஒவ்வொரு குழாய்லயும் தண்ணி நிக்கி. உள்பக்கத்து முனையில நரம்பு. மேல எனாமல் தேஞ்சாலோ ஈறு எறங்கினாலோ என்னாகும்? குழாய் வாய் தொறந்துக்கிடும். ஐஸ்தண்ணி பட்ட உடனே உள்ள நிக்க தண்ணி அசையும். தண்ணி அசைஞ்சா நரம்பு முழிச்சுக்கிடும். நீங்க கால வச்சுத் தரையத் தேய்ப்பீய."

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு சுற்று பார்ப்பார். யாராவது தலையாட்டினால் முகம் மலர்ந்துவிடும்.

"ரெண்டே வழி. ஒண்ணு, குழாய் வாய அடைக்கணும். இல்லன்னா நரம்பத் தட்டித் தூங்க வைக்கணும். என் பேஸ்ட்ல பொட்டாசியம் இருக்கு. அது குழாய்க்குள்ள பைய எறங்கி நரம்ப சமாதானப்படுத்தும். ஒரு நாள்ல நடக்காது, ஒரு வாரத்துல நடக்காது. நாலு வாரம். காலையில ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி. நாலு வாரம் விடாமத் தேச்சுட்டு, கூசுதுன்னு வந்து சொல்லுங்க, நான் மீசைய எடுத்துருதேன்."

அவருக்கு மீசையே கிடையாது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் டாக்டர் மேடம் அழைக்கப்பட்டிருந்தார், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே எப்படியோ இவரும் இருந்தார். சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் வந்ததும் எழுந்து பந்திக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். ஐஸ்கிரீமை நாக்கின் ஒரு ஓரமாகவே ஒதுக்கித் தின்றவர்களை எல்லாம் கண்டுபிடித்து ஆளுக்கொரு சாம்பிள் டியூபை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பெண் வீட்டார் தாம்பூலத்தோடு பேஸ்ட்டும் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, கிடைக்காதவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா இவரைத் தேடியபோது இவர் சமையற்கட்டில் ஒருவருக்கு டென்டின் விளக்கிக்கொண்டிருந்தார்.

வித்துராவில் நாங்கள் இலவசப் பல் முகாம் நடத்தியபோதும் வந்தார். எஸ்டேட்டிலிருந்து தமிழ் பேசுகிற தொழிலாளிப் பெண்கள் நிறையப் பேர் இறங்கி வந்திருந்தார்கள். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தொண்டை கட்டுமளவுக்குப் பேசி, எல்லாருக்கும் டியூப் கொடுத்தார். நாலு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே, தன் ஸ்கூட்டரில் மலையடிவாரம் வரை போய் விசாரித்துவிட்டு மறுநாள் துவண்டுபோய் வந்தார்.

"ஒருத்தியும் தொறக்கல்ல சிஸ்டர். விருந்தாளி வந்தா குடுக்கதுக்குப் பெட்டியில வச்சிருக்காவளாம்."

சிஸ்டர். இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தினமும் நினைப்பேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிட்டார், தெரியும். இருந்தாலும் எனக்கு இருபத்துமூன்று வயது.

என் பல்லுக்கு வருகிறேன். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஐஸ் போட்ட போஞ்சியை ஒரு வாய் குடித்தேன். கிளாஸை இறக்குவதற்குள் அவர் எதிரில் நின்றார்.

"எத்தன நாளா மறைக்கீங்க சிஸ்டர்?"

"எதை சார்?"

"வலது மேல நாலாவது. என்ன வச்சுத் தேய்க்கீங்க வீட்டுல?"

உமிக்கரி என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் வேலை பார்த்தவர். உமிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. மாதத்துக்கு ஒருமுறை கொல்லையில் உமியைக் கருக்கி, உப்பும் மிளகும் சேர்த்துப் பொடித்து டப்பாவில் போட்டு வைப்பார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த டப்பாவைப் பறிமுதல் செய்ய நாலு வாரம் சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இது எனாமல மண்ணு போட்டுத் தேச்சு எடுக்க மாதிரி" என்றார் அப்பாவிடம்.

"எங்க அப்பன், பாட்டன் எல்லாம் இதுலதான் தேச்சாவ. ஒருத்தனுக்கும் பல்லு கூசல்ல. எனக்கும் கூசாது. பாக்கியளா?" என்று அப்பா பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ்கட்டியை வரவழைத்து வாயில் போட்டு, கடக் கடக்கென்று கடித்து விழுங்கினார்.

நாலு வாரம் சார் ஆடிப்போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அப்பாவிடம், "நீங்க எதை வச்சுத் தேய்க்கீங்க?" என்று கேட்டார். அப்பா ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். என்னிடம் திரும்பினார். நான் உள்ளே போய் என் பிரஷ்ஷை எடுத்து வந்தேன். கெட்டியான நாரோடு, பார்க்கவே செருப்புக்குப் பாலிஷ் போடுகிற பிரஷ் போலத்தான் இருந்தது.

"இதுதான் விஷயம்" என்று குதித்து எழுந்தார். "விரல் போயி பிரஷ் வந்துட்டு. உமிக்கரி மட்டும் போகல்ல. உமிக்கரியும் பிரஷ்ஷும் சேந்தா டென்டின் வெளிய வராம என்ன செய்யும்?" அன்று அவர் கண்டுபிடித்ததை அடுத்த ஒரு வாரம் நகரத்தின் எல்லாப் பல் டாக்டர்களிடமும் சொல்லித் தீர்த்தார். உமிக்கரி டப்பாவை அப்பா கடைசிவரை கொடுக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை என் நாலு வாரம் தொடங்கியது. மெல்லிய நார் பிரஷ் ஒன்றும் பேஸ்ட்டும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சின்ன டைரியும் வைத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார். அவருடைய ஸ்கூட்டர் சாய்த்துப் போட்டு உதைத்தால்தான் கிளம்பும், நிறுத்தும்போது தும்மும். அந்தத் தும்மல் கேட்டதும் நான் முடியைச் சரிசெய்துகொள்வேன். மண்பானைத் தண்ணீரை ஒரு டம்ளர் எடுத்துவந்து என் மேஜையில் வைப்பார்.

"குடிங்க. பத்துல எத்தனை?"

பூஜ்யம் என்றால் ஒன்றுமே தெரியவில்லை. பத்து என்றால் உயிர் போகிறது. முதல் நாள் எட்டு என்றேன். டைரியில் எழுதிக்கொண்டு எதிர் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவார். முழுக்கப் பல்லைப் பற்றித்தான். மெஸ்ஸில் ஒருத்தர் மோருக்குள் ஐஸ் போட்டதும், அம்மா கடிதத்தில் தாடை வலிக்கிறது என்று எழுதியதும், தான் சின்ன வயதில் கண்ணாடி முன் நின்று தன் பற்களை எண்ணியதும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் காலை எட்டரை மணியிலிருந்தே காத்திருப்பேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்றுகூட எரிச்சல்படுவேன்.

முதல் வாரம் எட்டு. இரண்டாவது வாரம் ஆறு. மூன்றாவது வாரம் மூன்று. நாலாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை மத்தியானம் யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய் ஐஸ் போட்ட போஞ்சியை மடமடவென்று குடித்தேன். ஒன்றுமே இல்லை. பொட்டாசியம் போய்ச் சேர்ந்து நரம்பு தூங்கிவிட்டது. அந்த மனிதர் சொன்னதெல்லாம் உண்மை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழாத குறை. பூஜ்யம் என்று சொல்லிவிட்டால் டைரியை மூடிவிடுவார். அடுத்த பல்லைத் தேடிப் போய்விடுவார். பிறகு ஐந்து மணிக்கு என் மேஜையில் யார் தண்ணீர் வைப்பார்கள்?

ஸ்கூட்டர் தும்மியது. தண்ணீர் வந்தது. குடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டேன்.

"பத்துல எத்தனை?"

"ஏழு சார்."

அவர் பேனா காற்றில் நின்றது. "மூணுலேர்ந்து ஏழா?"

"ஆமா சார். நேத்து ராத்திரிலேர்ந்து."

ஒரு பொய்யைச் சொல்வது சுலபம். அதை ஒரு விஞ்ஞானியிடம் சொல்லக் கூடாது. எங்கேயோ தவறு நடந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்து, இன்னொரு நாலு வாரம் ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் தேர்த் திருவிழா. அந்த நாலு வாரமும் ஏழு, ஆறு, ஏழு என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அவர் மெலிந்துபோனார்.

பேஸ்ட்டுக்குக் கேட்கவில்லை என்றதும் டாக்டர் மேடத்தைக் கெஞ்சி என் பல்லுக்கு வார்னிஷ் அடிக்கவைத்தார். மேஜை நாற்காலிக்கு அடிக்கிற சங்கதி இல்லை, ஃபுளோரைடு கலந்த பசை. பல்லின் மேல் படிந்து குழாய் வாய்களை அடைத்துவிடுமாம். அன்று முழுக்க என் பல் மஞ்சளாக இருந்தது. நான் ஆறு என்றேன். அடுத்து ஒரு திரவம். அதைத் தொட்டு வைத்தால் குழாய்க்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத படிகம் உறைந்து அடைப்பு போடும் என்றார். நான் ஆறேகால் என்றேன். பிறகு ஒரு நாள் யாரிடமோ இரவல் வாங்கிய சின்ன பேட்டரி மெஷினோடு வந்தார். ஒரு ஒயரை நான் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொன்று மருந்தோடு பல்லில் இருக்கும். லேசான மின்சாரம் மருந்தைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். மேடம் பல்லைப் பார்த்துக்கொண்டார், ஒயர் நழுவாமல் இருக்க அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிஷம். எனக்கு என்னென்னவோ செய்தது, அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை.

"இப்ப எத்தனை சிஸ்டர்?"

"எட்டு சார்."

அவர் போன பிறகு மேடம் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். ஐம்பது வயது, மலையாளி, அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். மலையாளத்தில் குழந்தையைக் கூப்பிடுவது போல என்னைக் கொச்சே என்பார். காற்றடிக்கிற குழாயை எடுத்து என் நாலாவது பல்லில் புஸ்ஸென்று அடித்தார். நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"கொச்சே, கூசுற பல்லா இருந்தா இப்ப நீ சீலிங்ல முட்டியிருப்ப. கண்ணுகூடச் சிமிட்டல்லியல்லோ."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன், அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இனி பாண்டிங். பிசின் வச்சுப் பூசணும். அதும் சரியாகல்லேன்னு சொன்னா, பின்ன ரூட் கனால். நல்ல பல்லோட நரம்பை எடுக்கணுமோ? ஒண்ணு நீ அவனோட சொல்லு, அல்லெங்கில் ஞான் சொல்லும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு வாரம் போனது.

அந்த வாரம் ஒரு நாள் அவர் தண்ணீர் எடுக்காமல் வந்தார். ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தார். "இங்கிலீஷ் சரியான்னு பாருங்க சிஸ்டர். நீங்க பி.ஏ.ல்லா." ராஜினாமாக் கடிதம். கம்பெனிக்கு அவர் எழுதியிருந்த காரணத்தை இரண்டு தடவை படித்தேன். நாலு வாரத்தில் குணமாகும் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன், விடாமல் ஒழுங்காகத் தேய்த்த ஒரு நோயாளிக்குக் குணமாகவில்லை, காரணம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை, இனி இந்த பேஸ்ட்டை யாரிடமும் எனக்கு நம்பிச் சொல்ல வராது, ஆகவே என்னை விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கீழே நோயாளியின் விவரமாக என் பல்லின் இடம் மட்டும் இருந்தது, வலது மேல் நாலு என்று.

"ஒரு பல்லுக்காகவா சார்?"

"ஒரு பல்லுன்னா என்ன சிஸ்டர்? நான் சொன்னது பொய்யாப் போச்சுல்லா. போன வாரம் டாக்டர்மார் மீட்டிங்லயும் சொல்லிட்டேன், இது எல்லாருக்கும் கேக்காதுன்னு. மேனேஜர் மொறச்சாரு. மொறச்சா என்ன, உண்மையத்தான சொன்னேன்?"

அவ்வளவு நேரம் கதவோரம் நின்றிருந்த மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"பூஜ்யம் சார்" என்றேன்.

"என்ன?"

"பத்துல பூஜ்யம். ரெண்டு மாசமா பூஜ்யம். நாலாவது வாரம் வெள்ளிக்கிழமையே சரியாயிட்டு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டைரியைப் பிரித்து அந்த வெள்ளிக்கிழமையைத் தேடினார். ஏழை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று இரண்டு மாதத்தையும் நின்றுகொண்டே திருத்தினார். முடித்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "வேல செஞ்சிருக்கு" என்றார். "சிஸ்டர், வேல செஞ்சிருக்கு." கடிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, வாங்க என்று என்னைப் போஞ்சிக் கடைக்கு இழுத்துப் போனார். எனக்கு ஐஸ் போட்டு ஒன்று, தனக்கு ஐஸ் இல்லாமல் ஒன்று.

"நீங்க ஏன் சார் ஐஸ் போடல்ல?"

"எனக்குக் கூசும்லா."

"உங்களுக்கா? நீங்க தேய்க்கல்லியா?"

"தேய்ப்பேன். மூணாவது வாரம் விட்டுப்போகும். லாட்ஜ்ல தனியாக் கெடக்கேன், எத்தனைன்னு தினமும் வந்து கேக்க எனக்கு யாரு இருக்கா?" என்று சிரித்தார்.

கடவுள் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. நான் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார். "சரி, ஏன் சிஸ்டர் பொய் சொன்னீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் உள்ள அத்தனை முகங்களையும் படிக்கத் தெரிந்தவர், என் முகத்தில் பல்லைத் தவிர ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

"அது வந்து சார், ஓசியில பேஸ்ட் கெடைக்கும்லா. அதான்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு அவர் பழைய வேகத்தில் சுற்ற ஆரம்பித்தார், பழையதைவிட அதிகம் என்றே சொல்ல வேண்டும். கம்பெனி அவரை உயர்த்தி மதுரைப் பக்கம் மாற்றியது. கிளம்புகிற அன்று மத்தியானம் ஆட்டோவில் வந்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து என் மேஜையில் வைத்தார். முழுக்க டியூப். "ரெண்டு வருஷத்துக்கு வரும் சிஸ்டர். இனி பொய் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மேடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஆட்டோ திரும்பும்வரை நான் சிரித்த முகமாகவே நின்றேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு வேண்டுமளவு அழுதேன். மேடம் அன்றைய நோயாளிகளைத் தானே கூப்பிட்டுக்கொண்டார்.

எனக்கும் கல்யாணம் ஆயிற்று, ஊர் மாறிற்று, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். பல் இரும்பு. ஐஸ்கிரீமைக் கடித்தே சாப்பிடுவார். நானும் ஒருநாளும் அவரை எத்தனை என்று கேட்க வேண்டியிருந்ததில்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணி எந்த ஊரிலும் எனக்குச் சரியாகப் போனதில்லை.

மதுரைப் பக்கமோ அதற்கு அப்பாலோ, ஏதாவது பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது இந்தப் பத்திரிகையை நீங்கள் புரட்டலாம். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. பேஸ்ட்டுக்காக இல்லை சார்.